ஆறு கொலை, இரண்டு அதிர்ஷ்டம், ஒரு டியூக் பட்டம்

தூக்குப் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே சிறைக்கு வந்துவிடுகிறார் தூக்குக்காரர். அவருக்கு ஒரே ஒரு கவலைதான். நாளைக் காலை தொங்கப்போகிற ஆசாமி ஒரு டியூக், அதாவது பிரபுக்களிலேயே உயர்ந்த பட்டக்காரர், அவரை எப்படிக் கூப்பிடுவது, என்ன மரியாதை கொடுப்பது? சிறை அதிகாரியிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். அவருடைய குருநாதருக்குக்கூட ஒரு டியூக்கைத் தூக்கிலிடும் பாக்கியம் வாய்க்கவில்லையாம். பட்டுக் கயிற்றைத் தொட்ட கை இனிச் சணல் கயிற்றைத் தொடாது, இதோடு ஓய்வு பெற்றுவிடுவேன் என்கிறார். அறைக்குள் அந்த டியூக்கோ, விடிந்தால் சாவு என்கிற பதற்றம் துளியும் இல்லாமல், மேசையில் உட்கார்ந்து தன் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

1949 ஜூனில் பிரிட்டனில் வெளிவந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. இயக்கம் ராபர்ட் ஹேமர், தயாரிப்பு மைக்கேல் பால்கனின் ஈலிங் ஸ்டுடியோ, திரைக்கதை ஹேமரும் ஜான் டைட்டனும். தலைப்பு டென்னிசன் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது: கிரீடத்தைவிட நல்ல மனசு பெரிது, நார்மன் ரத்தத்தைவிட எளிய நம்பிக்கை பெரிது என்று போகும் அந்த வரி. படத்தில் நல்ல மனசு யாருக்கும் அதிகம் கிடையாது என்பது வேறு விஷயம்.

கதையை முழுசாகச் சொல்லித்தான் பேசப்போகிறேன். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

இங்கிலாந்துப் பிரபுக்களைக் கேலி செய்யும் படங்கள் எத்தனையோ உண்டு. பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்யும்: பிரபு ஒரு மண்டு, வேலைக்காரன் புத்திசாலி, மாளிகைக் கூரை ஒழுகுகிறது, எல்லாரும் சிரிக்கலாம். ஹேமரின் படம் அந்தச் சுலபமான வழியில் கொஞ்ச தூரம் போய்விட்டு வேறு எங்கோ திரும்பிவிடுகிறது. வாரிசுரிமை என்பதே முன்னால் நிற்பவன் செத்தால்தான் நகரும் ரேஷன் கடை வரிசை. லூயி மாஸினி என்ற இளைஞன் செய்வதெல்லாம் அந்த வரிசையில் காத்திருக்க மறுப்பதுதான். மற்றபடி அவன் எந்த விதியையும் மீறவில்லை. கொலையைத் தவிர என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் எத்தனையாவது ஆள்

லூயியின் அம்மா சால்ஃபோன்ட் டியூக் குடும்பத்துப் பெண். டாஸ்காய்ன் என்பது குடும்பப் பெயர். இத்தாலியப் பாடகன் ஒருவனைக் காதலித்து ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள், குடும்பம் அவளைத் தலைமுழுகியது. மகன் பிறந்த அன்றே, குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் பாடகன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அந்த அப்பனாகவும் டென்னிஸ் பிரைஸே வருகிறார், லூயியும் அவரே. அதற்குப் பிறகு புறநகரில் ஒரு சின்ன வீடு, ஒண்டிக்குடித்தனக்காரர்கள், பையனுக்கு இரவும் பகலும் அம்மா ஓதும் குலப்பெருமை. மகனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள் என்று உறவுக்காரப் பிரபுவுக்கு எழுதிப் பார்க்கிறாள், கதவு திறக்கவில்லை. கடைசியில் அவள் இறந்தபோது குடும்பக் கல்லறையில் இடம் கேட்டால் அதற்கும் முடியாது என்று பதில் வருகிறது. லூயி மனசுக்குள் கணக்கைத் தொடங்கும் இடம் அதுதான்.

இந்தக் கணக்கு செல்லுபடியாவதற்குப் படம் ஒரு சட்ட நுணுக்கத்தை வைத்திருக்கிறது. சாதாரணமாக டியூக் பட்டம் ஆண் வழியில்தான் இறங்கும், மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் சால்ஃபோன்ட் பட்டம் பெண் வழியிலும் இறங்கலாம் என்று இரண்டாம் சார்லஸ் மன்னர் சலுகை கொடுத்தாராம், காரணம் முதல் டியூக்கின் மனைவி மன்னருக்கு ஆற்றிய சேவை. லூயி இதை முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவான். என்ன சேவை என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இது வெறும் கற்பனை நையாண்டி என்று நினைத்தால் தப்பு. 1661இல் ரோஜர் பாமர் என்பவருக்கு இதே சார்லஸ் மன்னர் டியூக்குக்குக் கீழே வரும் ஏர்ல் பட்டம் கொடுத்தார். பட்டம் வாரிசுக்குப் போக வேண்டுமென்றால் அந்த வாரிசு இன்ன மனைவி வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே நிபந்தனை. அந்த மனைவி பார்பரா, மன்னரின் ஆசைநாயகி. பட்டம் எதற்காக வந்தது என்று ஊருக்கே தெரிந்துபோனது, பாவம் அந்தப் புருஷனுக்கு மட்டும் பெருமைப்பட வழியில்லை. மகள் வழியில் டியூக் பட்டம் இறங்கியதற்கும் நிஜ உதாரணம் இருக்கிறது: மார்ல்பரோ டியூக்குக்கு மகன் இல்லாததால் 1706இல் பார்லிமென்ட் சட்டமே போட்டது, 1722இல் அவர் மகள் ஹென்ரியட்டா பட்டத்துக்கு வந்தாள்.

லூயி குடும்ப மரத்தை வரைந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அடிக்கத் தொடங்குகிறான். பத்திரிகையில் பிறப்பு இறப்புப் பகுதியைப் படிப்பது அவன் வழக்கமாகிறது. டியூக்குக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்த செய்தி அவனுக்குப் பேரிடி, நல்லவேளையாக டிப்தீரியா பரவி நிலைமையைப் பழையபடி ஆக்கிவிட்டது, போனஸாக டியூக்கின் மனைவியான டச்சஸையும் கொண்டுபோனது என்கிறான். இந்தக் குரல்தான் படம். கதையை நடத்துவது லூயியின் பின்னணிப் பேச்சு, அது ஒருமுறைகூட ஏறி இறங்குவதில்லை, கொலையையும் சட்டை அளவையும் ஒரே தொனியில் சொல்லும். இந்தக் குரலை எடுத்துவிட்டு வெறும் காட்சிகளை ஓட்டினால் தொடர்கொலைப் படம்தான் மிஞ்சும்.

எட்டு முகம், ஒரு நடிகர்

டாஸ்காய்ன்கள் எட்டுப் பேரையும் நடித்தவர் அலெக் கின்னஸ். முதலில் அவருக்கு நான்கு வேடம்தான் தருவதாகச் சொன்னார்களாம், அவரே ஏன் நாலு, எட்டையும் நானே செய்கிறேனே என்று கேட்டு வாங்கிக்கொண்டார். படப்பிடிப்பின்போது அவருக்கு 34 வயது. இளம் போக்கிரி, கிழட்டுப் பாதிரி, தளபதி, கப்பற்படைத் தலைவர், வங்கிக்காரர், பெண்ணுரிமைப் போராளியான ஒரு சீமாட்டி என்று வரிசையாக வருவார்.

பல வேடம் போடுவது திறமையைக் காட்டும் வித்தையாக முடிந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. இங்கே அது வாதமாகவே ஆகிவிட்டது. ஒருவனைக் கொன்றால் அதே மூக்கு, அதே கண் இன்னொரு உடையில் வந்து நிற்கிறது. செத்தவனுக்காக நம்மால் வருந்த முடிவதில்லை, ஏனென்றால் அவன் முழுசாகப் போகவே இல்லை. தனி மனிதர்கள் என்று யாரும் இல்லை, ஒரே ரத்தம் வேலைக்குத் தகுந்தபடி தொப்பியை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்: தேவாலயத்துக்கு ஒன்று, ராணுவத்துக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. எந்தெந்த நிறுவனங்களை அந்தக் குடும்பங்கள் கையில் வைத்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வரைய முடியாது.

இது உச்சத்துக்குப் போவது ஒரு சாவு வீட்டுக் காட்சியில். தேவாலயத்தில் ஆறு டாஸ்காய்ன்கள் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள், ஆறும் கின்னஸ். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம் கேமராவைத் தரையோடு தரையாக ஆணி அடித்தது போல நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் ஒரு பகுதியை மட்டும் திறந்துவிட்டு மிச்சத்தைக் கறுப்பால் மறைத்து எடுப்பார். பிறகு ஃபிலிமைப் பின்னால் சுற்றிவிட்டு அடுத்த பகுதியைத் திறப்பார், அதற்குள் கின்னஸ் வேறு ஒப்பனையோடு வேறு இடத்தில் வந்து உட்கார வேண்டும். நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் பாழ். யாராவது தெரியாமல் தட்டிவிடப் போகிறார்களே என்று ராத்திரி ஸ்லோகம் கேமரா பக்கத்திலேயே படுத்துத் தூங்கியதாகச் சொல்வார்கள். திரையில் அந்தக் காட்சி சில நொடிதான், அதுவும் யாரும் 'பார் பார்' என்று விரல் நீட்டிக் காட்டாமல் நகர்ந்துவிடும்.

பிரசங்கம் செய்கிற பாதிரியைப் பார்த்து லூயி சொல்வது: நிலச்சுவான்தார்களின் மரபுப்படியே குடும்பத்தில் இருப்பதிலேயே மண்டுவைத் தேவாலயத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மரியாதையாகக் கொல்வது எப்படி

முதல் பலி இளைய ஆஸ்காய்ன் டாஸ்காய்ன், வங்கிக்காரரின் மகன். லூயி ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும்போது இவன் தன் காதலியோடு வந்து வம்பு செய்து லூயியின் வேலைக்கே உலை வைத்துவிடுகிறான். வார இறுதிக்கு அவர்கள் தேம்ஸ் கரையில் இருக்கிற மெய்டன்ஹெட்டுக்குப் போக, லூயியும் பின்னாலேயே போய், மரத்தடியில் கட்டியிருந்த படகின் கயிற்றைத் தண்ணீருக்கடியில் நீந்திப் போய் அவிழ்த்துவிடுகிறான். படகு அணைக்கட்டை நோக்கி மெதுவாக மிதந்துபோகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே பார்க்க நேரமில்லை. அந்தப் பெண்ணுக்காக மட்டும் கொஞ்சம் வருத்தம் என்கிறான் லூயி. ஆனால் சாவைவிடக் கொடுமையான ஒன்றை இந்த வார இறுதியில் அவள் ஏற்கனவே அனுபவித்திருப்பாள் என்று நினைத்து ஆறுதல் அடைந்தானாம். மானம் போவது சாவைவிடக் கொடுமை என்று அந்தக் காலத்துக் கண்ணியவான்கள் மேடைக்கு மேடை பேசிய பேச்சை அப்படியே எடுத்து ஒரு பிணத்தின் மேல் போர்த்துகிறான்.

அடுத்தவன் ஹென்றி, புகைப்படப் பிரியன். இருட்டறையில் அவன் அதிகம் கழுவுவது தொண்டையைத்தான், ஏனென்றால் மனைவி ஈடித் மதுவைத் தொடாதவள், வீட்டில் பாட்டில் வைக்க வழியில்லை. விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதில் பெட்ரோலை ஊற்றிவைத்துவிட்டு லூயி தோட்டத்தில் ஈடித்தோடு தேநீர் குடிக்கிறான். பேச்சு மிக உயர்ந்த விஷயங்களைப் பற்றிப் போகிறது. தூரத்தில் ஒரு சத்தம். சுவருக்குப் பின்னால் கரும்புகை எழும்புகிறது, அது நமக்குத் தெரிகிறது, லூயிக்குத் தெரிகிறது, ஈடித்துக்குத் தெரியவில்லை, பேச்சு நிற்கவில்லை, கோப்பையும் கீழே வைக்கப்படவில்லை. படம் முழுவதையும் ஒரே காட்சியில் சொல்லு என்றால் இதைத்தான் காட்டுவேன். வெடித்துச் சிதறுவதைக் காட்டவே இல்லை. அந்த வர்க்கம் எதைப் பார்க்க வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறதோ அதைச் சட்டகத்தின் பின்புறம் ஒரு மூலையில் வைத்துவிட்டு, முன்னால் தேநீரை வைக்கிறார் ஹேமர்.

பாதிரியைக் கொல்ல லூயி ஆப்பிரிக்காவின் மாத்தபேலேலாந்திலிருந்து வந்த பிஷப்பாக வேடம் போடுகிறான். 1890களில் சிசில் ரோட்ஸின் கம்பெனி துப்பாக்கிமுனையில் பிடித்த நாடு அது. பாதிரிக்கோ அது தொலைதூரத்து வேடிக்கை, அந்த ஊர் மொழியில் ஏதாவது பேசிக்காட்டச் சொல்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகான போர்ட் ஒயினில் விஷம். சீமாட்டி அகதா பெண்கள் ஓட்டுரிமைக்காக பலூனில் ஏறி லண்டன் மேல் துண்டுப் பிரசுரம் வீசும்போது கீழே ஜன்னலிலிருந்து ஓர் அம்பு, பர்க்லி சதுக்கத்தில் வந்து விழுகிறாள். தளபதி தினமும் கிளப்பில் உட்கார்ந்து தன் பழைய போர்க்கதையைச் சொல்லியே எல்லாரையும் சாகடிப்பவர், கேவியர் என்கிற மீன்முட்டை ஜாடியைத் திறக்கிறார், ரஷ்யாக்காரன் உருப்படியாகச் செய்வது இது ஒன்றைத்தான் என்கிறார், ஜாடி வெடிக்கிறது. இந்த மூன்றும் மளமளவென்று ஓடுகின்றன. அகதாவின் சாவு எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் மடமையால் வலையில் விழுகிறார்கள், அவளோ ஜெயிலுக்கெல்லாம் போய் வந்த, கொள்கை உள்ள மனுஷி. படம் அதைக் கண்டுகொள்ளாமல் ஒரு சிரிப்போடு அவளை வானத்திலிருந்து இறக்கிவிடுகிறது.

கப்பற்படைத் தலைவர் ஹொரேஷியோவை லூயி தொடவே வேண்டியிருக்கவில்லை. அவர் தவறான பக்கம் கப்பலைத் திருப்பச் சொல்கிறார், கீழே இருப்பவர்கள் தயங்கிக் கேட்கிறார்கள், சொன்னதைச் செய் என்கிறார், இரண்டு கப்பல்களும் மோதுகின்றன. தலைவர் சல்யூட் அடித்தபடியே கப்பலோடு சேர்ந்து மூழ்குகிறார், கடைசியில் தொப்பி மட்டும் மிதக்கிறது. மிகைப்படுத்துகிறார்கள் என்று சிரித்தீர்கள் என்றால் 1893 ஜூன் 22ஆம் தேதியைப் புரட்டிப் பாருங்கள். இன்றைய லெபனானின் திரிப்போலி கரைக்கு அப்பால் வைஸ் அட்மிரல் ஜார்ஜ் ட்ரையன் இரண்டு வரிசையாகப் போன தன் கப்பல்களை ஒன்றையொன்று நோக்கி உள்பக்கமாகத் திரும்பச் சொன்னார். நடுவில் இருந்த இடைவெளி ஆறு கேபிள், அதாவது சுமார் 1,100 மீட்டர், அது போதாது என்று அதிகாரிகளுக்குப் பட்டது. அடுத்த வரிசையின் தலைவர் தயங்கியபோது, எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று சமிக்ஞை போனது, எல்லார் கண் முன்னாலும். அவர் திருப்பிவிட்டார். கேம்பர்டவுன் என்ற கப்பல் விக்டோரியா என்ற கப்பலைக் குத்திக் கிழித்தது, ட்ரையன் உட்பட 358 பேர் செத்தார்கள். மேலே இருப்பவன் சொன்னால் கணக்குத் தப்பு என்று தெரிந்தும் செய்வது என்கிற நோயைப் படம் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. படமாக்கும்போது கின்னஸ் காலைக் கம்பியால் தரையோடு கட்டிவைத்துத் தொட்டியில் மூழ்கடித்தார்களாம், காட்சி முடிந்த சந்தோஷத்தில் அவரை அவிழ்ப்பதை மறந்துவிட்டார்கள் என்று ஸ்லோகம் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, மூச்சடக்கும் பயிற்சி இருந்தது.

கண்ணியில் மாட்டிய டியூக்

எதிலும் ரத்தம் தெரியாமல் போய்க்கொண்டிருந்த படம் டியூக்கின் சாவில் மட்டும் முகம் மாறுகிறது. டியூக் எதெல்ரெட் தன் காட்டில் திருட்டு வேட்டைக்கு வருகிறவர்களைப் பிடிக்க மனிதக் கண்ணி வைத்திருக்கிறார், பற்கள் வைத்த இரும்புத் தாடை, காலை வைத்தால் கவ்விக்கொள்ளும். அப்படி மாட்டிய ஒருவன் அடிபடுவதை நாம் முன்னாலேயே பார்த்துவிடுகிறோம். இந்தக் கண்ணிகளை இங்கிலாந்தில் 1827இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், படம் நடப்பது ஏழாம் எட்வர்ட் காலத்தில். முக்கால் நூற்றாண்டாக இல்லாமல் போயிருக்க வேண்டிய ஒரு பொருள் டியூக்கின் காட்டில் எண்ணெய் போட்டுத் தயாராக இருக்கிறது, கேட்க ஆளில்லை.

அந்தக் கண்ணியில் டியூக்கையே மாட்டவைக்கிறான் லூயி. அப்புறம் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு மிகப் பொறுமையாக விளக்குகிறான்: சத்தம் போட்டால் உடனே சுடுவேன், யாராவது வருவதற்குள் நான் உதவி கேட்டுக் கத்திக்கொண்டு ஓடுவேன், கால் மாட்டி விழும்போது துப்பாக்கி தானாக வெடித்தது என்று சொல்வேன், ஆகவே அமைதியாக இருங்கள். பிறகு தன் அம்மாவின் கதையைச் சொல்கிறான். டியூக்கின் முகத்தில் முதல் தடவையாக நிஜமான பயம். படத்தில் சிரிப்பு நின்றுபோகும் ஒரே இடம் இது என்பேன். இதுவரை எல்லாக் கொலையும் வரிசையை நகர்த்தும் நிர்வாக வேலை, இது ஒன்றுதான் பழிவாங்கல், அதுவும் அந்த வர்க்கத்தின் சொந்த ஆயுதத்தாலேயே.

மிச்சம் ஒரே ஒருவர், வங்கிக்காரர். மகனைப் பறிகொடுத்த அவருக்கு லூயி இரங்கல் கடிதம் எழுத, அவர் மனம் இளகி அவனுக்கு வேலை கொடுத்தவர், நல்லவர், லூயிக்கும் அவரைப் பிடிக்கும். இவரைக் கொல்வானா மாட்டானா என்பது கதையின் நிஜமான கேள்வியாகியிருக்க வேண்டும். படம் நழுவிவிடுகிறது. தானே டியூக் ஆகிவிட்டோம் என்ற செய்தியின் அதிர்ச்சியிலேயே அவர் இறந்துபோகிறார். வேடிக்கைதான், ஆனால் ஹேமர் இந்த இடத்தில் லூயிக்கு ஒரு சலுகை காட்டிவிட்டார் என்றுதான் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோன்றுகிறது.

இத்தனைக்கும் பிறகு பட்டத்துக்கு வந்த லூயி எப்படிப்பட்ட டியூக்? முந்தின எட்டுப் பேரையும்விடப் பொருத்தமான டியூக். உடை, பேச்சு, நடை, வேலைக்காரர்களிடம் காட்டும் தணிந்த மரியாதை, எல்லாம் கச்சிதம். பிரபுத்துவம் ரத்தத்தில் வருவதல்ல, ஜவுளிக் கடையில் மீட்டர் அளந்தவனுக்கும் வரும் என்று காட்டுவது அந்த வர்க்கத்தின் அடிமடியில் கைவைப்பது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லூயி எதையும் ஒழிக்க வரவில்லை, உள்ளே நுழைய வந்தவன். படம் எல்லாரையும்விட அதிகமாக வெறுப்பது எந்த டாஸ்காய்னையும் அல்ல, லயனல் ஹாலந்து என்ற புறநகர்ப் பணக்காரனை. அவன் செய்த பாவம் அசட்டுத்தனமாகப் பேசுவது, கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பது. லூயியின் சிறுவயதுத் தோழி சிபெல்லாவைக் கட்டிக்கொண்டவன் என்பதும் உண்டு. பிரபுக்களைக் கேலி செய்கிற படம் பிரபுக்களின் மூக்காலேயே நடுத்தர வர்க்கத்தை மோந்து பார்க்கிறது. வேலைக்காரர்களோ, அந்தத் திருட்டு வேட்டைக்காரனோ, ஓரத்தில் வந்து போகிறார்கள், ஒருவருக்கும் சொந்தமாக ஒரு நகைச்சுவைகூடக் கிடையாது.

பிரபுக்கள் சபையில் வழக்கு

பட்டத்துக்கு வந்த கையோடு ஸ்காட்லாந்து யார்டு வந்து லூயியைக் கைது செய்கிறது. எந்தக் கொலைக்காக என்பதுதான் அவனுக்கு இருக்கும் சந்தேகம். குற்றச்சாட்டு லயனலைக் கொன்றதாக. அதுதான் அவன் செய்யாத ஒரே கொலை! லயனல் கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டவன், கடிதம் எழுதிவைத்துவிட்டுத்தான் செத்தான், கடிதம் சிபெல்லாவிடம் இருக்கிறது, லூயி ஈடித்தைக் கட்டிக்கொள்ளப்போகிற கோபத்தில் அவள் அதை வெளியே விடவில்லை.

டியூக் என்பதால் சாதாரணக் கோர்ட் கிடையாது, பார்லிமென்டின் மேலவையான பிரபுக்கள் சபையே அங்கி போட்டு உட்கார்ந்து விசாரிக்கும். இதுவும் நிஜம்தான். கொலை போன்ற பெருங்குற்றங்களில் பிரபுவைப் பிரபுக்களே விசாரிக்க வேண்டும் என்ற உரிமை பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1760இல் தன் காரியஸ்தரைச் சுட்டுக் கொன்ற ஃபெரர்ஸ் ஏர்லுக்கு அந்தச் சபைதான் மரண தண்டனை கொடுத்தது, லண்டனில் டைபர்ன் என்ற இடத்தில் தூக்கிலிட்டார்கள், கல்யாண உடையில் போனார். அவருக்குப் பட்டுக் கயிறு போட்டார்கள் என்பது கட்டுக்கதை, ஆனால் படத்தின் தூக்குக்காரர் அதை நம்பித்தான் பேசுகிறார். 1901இல் ரஸ்ஸல் ஏர்ல், தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன், இருதாரக் குற்றத்துக்காக அங்கே நின்று மூன்று மாதம் ஜெயிலுக்குப் போனார். கடைசி வழக்கு 1935இல், காரைத் தவறான பக்கம் ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமானதாக டி கிளிஃபர்ட் பிரபு மேல். ஒவ்வொரு பிரபுவாக எழுந்து தன் மானத்தின் மேல் ஆணையிட்டுக் குற்றவாளி இல்லை என்றார்கள், விடுதலை.

1948இல் சட்டம் கொண்டுவந்து இந்த உரிமையை ஒழித்தார்கள். மறு வருடம் படம் வருகிறது. பார்த்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ரசிகனுக்கு அந்த விசாரணை பழங்கதை, ஆனால் அப்போதுதான் புதைத்த பழங்கதை. பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி அரசாங்கம் அதே 1949 டிசம்பரில் பிரபுக்கள் சபை ஒரு மசோதாவைத் தடுத்து நிறுத்தக்கூடிய காலத்தை இரண்டு வருடத்திலிருந்து ஒன்றாகக் குறைத்தது. படம் நடக்கும் காலத்திலேயே, 1909இல், நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் நியூகாஸிலில் பேசும்போது ஒரு டியூக்கைப் பராமரிக்க இரண்டு பெரும் போர்க்கப்பல் செலவாகிறது, பயமுறுத்துவதில் இருவரும் ஒன்று, ஆனால் டியூக் நீண்ட நாள் உழைப்பார் என்று கிண்டல் அடித்திருந்தார். நாற்பது வருடம் கழித்து அந்தக் கிண்டலுக்கு ஈலிங்கில் உருவம் கொடுத்தார்கள். அதே 1949இல் ஈலிங்கிலிருந்து வந்த மற்ற நகைச்சுவைகளில் சாதாரண ஜனங்கள் கூடிச் சேர்ந்து அதிகாரத்துக்கு அல்வா கொடுப்பார்கள், மனசுக்கு இதமாக இருக்கும். இதில் இதம் கிடையாது, கூட்டமும் கிடையாது.

மூலக்கதை ராய் ஹார்னிமன் 1907இல் எழுதிய நாவல். அதில் கொலைகாரன் பாதி யூதன். யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டு நாலு வருடம்கூட ஆகாத நேரத்தில் பட்டத்துக்காகக் கொலை செய்கிற யூதனைத் திரையில் காட்டியிருந்தால் அருவருப்பாக இருந்திருக்கும், பாதி இத்தாலியன் ஆக்கினார்கள். நல்ல முடிவு. நகைச்சுவையின் குறி அந்நியன் மேலிருந்து விலகிக் குடும்பத்தின் மேல் நேராக விழுந்தது.

பத்து விநாடி

வழக்கில் லூயி குற்றவாளி என்று தீர்ப்பு. சிறைக்கு வருகிறாள் சிபெல்லா, ஜோன் கிரீன்வுட்டின் அந்தக் கரகரத்த கொஞ்சல் குரலில் பேரம் பேசுகிறாள்: கடிதம் கிடைத்தாலும் கிடைக்கலாம், ஆனால் ஈடித்துக்கும் ஏதாவது ஆகலாம் இல்லையா. லூயிக்குப் புரிகிறது. காலையில் கடிதம் 'கிடைத்து' விடுதலையும் வருகிறது. தூக்குக்காரருக்குத்தான் பெரிய ஏமாற்றம். வெளியே இரண்டு குதிரைவண்டிகள், ஒன்றில் ஈடித், ஒன்றில் சிபெல்லா, எதில் ஏறுவது என்று யோசிக்கும்போது ஒரு பத்திரிகைக்காரன் வந்து உங்கள் வாழ்க்கை வரலாற்றை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்கிறான். அப்போதுதான் லூயிக்கு உறைக்கிறது, ஆறு கொலையையும் ஒன்று விடாமல் எழுதிய தாள்கள் உள்ளே மேசையில் கிடக்கின்றன. படம் முடிந்தது.

பிரிட்டிஷ் பதிப்பு அங்கேயே நிற்கிறது, போய் எடுத்துவிட்டானா, யாராவது படித்துவிட்டார்களா, சொல்ல மாட்டார்கள். அமெரிக்கத் தணிக்கை விதிகளுக்கு இது ஆகவில்லை, அங்கே குற்றவாளி தப்பக் கூடாது. கிட்டத்தட்ட பத்து விநாடி படம் பிடித்துச் சேர்த்தார்கள், தாள்கள் அதிகாரிகள் கையில் சிக்குவது தெரியும்படி. அங்கங்கே வெட்டவும் செய்தார்கள், ஆறு நிமிடம் போனது. லூயியும் சிபெல்லாவும் சொல்லும் ஒரு சிறுவர் பாட்டில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் மாறியதும் அப்போதுதான், அது ஒன்று மட்டும் தணிக்கையால் நடந்த நல்லது.

ஹேமர் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்ன நோக்கங்களில் ஒன்று, எல்லாரும் ஒப்புக்கொண்டு யாரும் கடைப்பிடிக்காத ஒழுக்க விதிகளைச் சுத்தமாக மதிக்காத ஒரு படம் எடுப்பது. பத்து விநாடியில் அந்த நோக்கத்தை அமெரிக்கப் பதிப்பு கவிழ்த்துவிட்டது. தாள்கள் பிடிபட்டால் இது ஒரு கொலைகாரன் மாட்டிக்கொண்ட கதை. பிடிபடாவிட்டால், பத்தாவது சால்ஃபோன்ட் டியூக் ஒரு வண்டியில் ஏறி, மாளிகைக்குப் போய், குடியானவர்களின் வணக்கத்தை ஏற்றுக்கொண்டு, இன்னும் நாற்பது வருடம் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து சட்டம் போடுவான். தேடிப் பார்ப்பவர்கள் பிரிட்டிஷ் பதிப்பையே தேடுங்கள்.